வந்து போவனவற்றின் பெயர்கள்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருதல் வேண்டும் என்று மலராசிரியர் கேட்டு, இரு வாரத் தவணையும் குறித்துச் சென்ற அன்று எமக்கு உண்டானதை மகிழ்ச்சி என்று சொன்னால் அது பொய்யாகும். கவலை என்றலும் பொருந்தாது. அச்சம் என்பது மிகை. கடதாசியை எடுப்பதும் வைப்பதுமாக யாம் முற்றத்துக்கும் விறாந்தைக்கும் நடந்ததைக் கண்ட வீட்டார் ஒரே சொல்லில் அதற்குப் பெயர் வைத்துவிட்டனர். "சும்மா அந்தரப்படாதேயுங்கோ" என்றனர். அச்சொல்லைக் கேட்ட பின்னரே கட்டுரைக்குப் பொருளும் கிடைத்தது.

அந்தரம் என்பது நூல் வழக்கில் ஆகாயம்; நடுவெளி. நம் ஊர்ப் பேச்சிலோ அது மனத்துக்கும் உடம்புக்கும் ஒருங்கே நேர்கின்ற ஒரு நிலை. செய்யவேண்டிய கருமம் முன்னே நிற்க, அதனைத் தொடங்கவும் ஒட்டாது, விட்டுவிடவும் ஒட்டாது, கால் நிலத்திற் பாவாமல் நிற்பதே அந்தரம். வானுக்கும் நிலத்துக்கும் நடுவே தொங்குபவனை நினைத்து இட்ட பெயர் போலும். பரீட்சை மண்டபத்து வாயிலில் நின்றவர், பெண்ணெடுத்த வீட்டில் முதன்முறை உண்ண இருந்தவர், கடைசி பஸ் சந்தியைக் கடந்து போவதைத் தூரத்தே கண்டவர் யாவரும் அதனை அறிவர். சிறிது நேரம் கழிந்தால் அது இருந்த இடமும் தெரியாது.

இவ்வாறு வந்து, சற்றுத் தங்கி, மறைகின்ற நிலைகளுக்கு நம் முன்னோர் ஆண்ட சொற்கள் கொஞ்சமல்ல. பஞ்சி, அலுப்பு, களை, உளைவு, கிறுகிறுப்பு, விறைப்பு, ஓங்காளம், கூதல், எரிச்சல், கொதி, பதகளிப்பு, ஏக்கம், வெப்பியாரம் என்று எமது தாயார் காலத்துப் பெண்கள் ஒரு பகற்பொழுதுக்குள் இருபது சொல்லையாவது புழங்கினர். இன்று கல்லூரி மாணவர் வாயில் இவற்றுட் பல கேட்கப்படுவதில்லை. அவர்களுக்கு வேண்டிய சொல் மூன்று: ரென்சன், ஸ்ரெஸ், மூட். மூன்றிலும் அடங்காதது எதுவோ அது 'ஒரு மாதிரி'. எந்த மாதிரி என்று வினவினால், "ஒரு மாதிரித்தான் சேர்" என்பதே விடை.

யாம் பிறமொழிச் சொல்லைக் கண்டவிடத்து வாளுருவுகின்றவர் அல்லேம். பஸ்ஸைப் பஸ் என்றே சொல்லி ஏறி இறங்குகின்றோம். 'உசார்' என்ற சொல்லும் வடக்கேயிருந்து வந்ததே. வந்து தனக்கென ஓரிடம் தேடி அமர்ந்துகொண்டது. அதனால் எவரும் இடம் இழக்கவில்லை. ரென்சன் என்பதோ வந்து பன்னிரண்டு குடிகளை வெளியேற்றிவிட்டு அவர்கள் வீட்டில் இருக்கின்றது. அந்தரப்படுகின்றவனும், பதகளிக்கின்றவனும், எரிச்சற்படுகின்றவனும், வெருண்டவனும், பிறர்மேற் கொதி கொண்டவனும் ஒரே கதவால் உள்ளே போய் ஒரே பெயரோடு வெளியே வருகின்றனர். எம் முறைப்பாடு மொழிப்பற்றினால் எழுந்தது மாத்திரம் அன்று. தன் நிலைக்குப் பெயர் தெரியாதவன் அதனைப் பிறருக்குச் சொல்லும் வகை அறியான். சொல்ல அறியாதவனைப் பிறர் பிழையாக விளங்கிக்கொள்வர். அப்பிழையை யாமே செய்திருக்கின்றோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் பஞ்சி என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நூல்களில் அது பஞ்சு. பெண்கள் பாதத்தில் ஊட்டும் செம்பஞ்சுக் குழம்பு. யாழ்ப்பாணத்திலே அது ஒரு செயலைச் செய்ய மனமும் உடலும் சேர்ந்து மறுக்கின்ற சிறு மறுப்பு. சோம்பல் என்பது வேறு. சோம்பல் ஒருவனுடைய இயல்பு. அவன் பெயரோடு ஒட்டிச் சோம்பேறி என்று நிற்பது. பஞ்சியோ மத்தியானச் சோற்றின் பின்னர் எவருக்கும் வரலாம். "எழும்பப் பஞ்சியாய்க் கிடக்குது" என்று சொல்லுபவன் சற்றுப் பொறுத்து எழும்பிவிடுவான். அவனை ஒருவரும் இகழார். ஒரு குணத்துக்கும் ஒரு பொழுதின் நிலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இரண்டு சொற்கள் காத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று மறைந்தால் மற்றையது அதன் வேலையையும் செய்ய நேரும்; பஞ்சியுடையவனெல்லாம் சோம்பேறியாவான்.

இச்சொற்களுடன் வருகின்ற வினைகளைக் கவனித்தவர் சிலரே. பெயரிலும் வினைகளே நம்மவர் நுண்மையைக் காட்டுவன. காய்ச்சல் காயும், தடிமன் பிடிக்கும், விக்கல் எடுக்கும், வெறி ஏறும், கோபம் மூளும், சோர்வு தட்டும், கண் இருட்டும், மெய் கூசும். இவை வருகைக்கு உரியன. போவதற்கும் அவ்வாறே தனித்தனி வினைகள் உண்டு. பசி ஆறும். கோபம் தணியும். மயக்கம் தெளியும். காய்ச்சல் விடும். வெறி முறியும், நித்திரையும் முறியும். விக்கல் நிற்கும். விடாய் தீரும். களை ஆறும், வெயிலில் வந்தவரை "இருந்து களையாறிப் போங்கோ" என்பது இன்றும் கேட்கும் உபசாரம். நோய் முழுவதற்கும் பொதுவாக நாம் ஆளும் வினையோ இன்னும் அழகியது: வருத்தம் மாறும். காய்ச்சலைத் தெளிந்தது என்றோ மயக்கத்தை ஆறியது என்றோ ஒரு குழந்தையும் சொல்லாது. ஒவ்வொன்றும் இன்ன வாயிலால் வந்து இன்ன வாயிலாற் போகும் என்பது மொழியிலேயே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றது. ரென்சனுக்கு அவ்வாறு ஒரு போக்குவினை அமையவில்லை. 'ரென்சன் ஆகிவிட்டேன்' என்கின்றனர். ஆனவர் திரும்ப யாதாவர்?

இவ்விடத்தில் இலக்கணம் பற்றி ஒரு வார்த்தை. 'எனக்குப் பசிக்கிறது', 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குக் கோபம் வந்தது' என்னும் வாக்கியங்களில் 'நான்' எழுவாயாக நிற்கவில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று ஒருபுறம் நிற்கின்றது. மூன்றாம் வாக்கியத்தில் எழுவாய் கோபமே. கோபம் விருந்தாளி, நான் வீட்டுக்காரன். ஆங்கிலேயரோ இத்தகைய இடங்களிற் பெரும்பாலும் தம்மையே எழுவாயாக்கி, அந்நிலையைத் தமக்கு அடைமொழியாக்கிக்கொள்வர். இதனைக் கொண்டு தமிழரே தத்துவ ஞானிகள் என்று மேடையிற் பேசுதல் எமக்கு உடன்பாடன்று. நாமும் களைத்தேன், நொந்தேன், வெருண்டேன் என்று தன்மையில் வைத்துச் சொல்லுகின்றோம். ஆங்கிலேயரும் தலையிடியைத் தாம் உடையராகவே சொல்லுகின்றனர், தாம் தலையிடி என்று சொல்வதில்லை. அன்றியும், வந்து போவதை ஓர் ஆளின் நெற்றியில் ஒட்டிவிடுவதில் நாமும் எவருக்கும் பின்னின்றோமல்லோம். ஒருவன் மனம் ஒருமுறை குழம்பினால் அவன் ஊருக்கு விசரன். பின்னர் எத்தனை ஆண்டு நலமாக வாழினும் அப்பெயர் தணியாது, தெளியாது, மாறாது.

இவ்வகை நிலைகளை எண்ணித் தொகுக்கும் முயற்சி நமக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை முதலாய எட்டினைச் சொல்லி, அவற்றின் பின் வேறு முப்பத்திரண்டினையும் அடுக்குகின்றது. மாணவர் எட்டினை மனனஞ் செய்து பரீட்சைக்குப் போய்விடுவர். முப்பத்திரண்டினை ஒருவரும் திரும்பிப் பாரார். எமக்கோ அம்முப்பத்திரண்டிலேதான் விருப்பு. துஞ்சல், கனவு, வியர்த்தல், நடுக்கு என்பன அங்கே நாணல், பொறாமை, ஐயம் என்பவற்றோடு ஒரே வரிசையில் இருக்கின்றன. மடிமை உண்டு; விரைவு உண்டு; செயலற்று நிற்கும் கையாறு உண்டு; திடுக்குறும் வெரூஉதல் உண்டு. இது உடம்பின் பகுதி, இது மனத்தின் பகுதி என்று நடுவே வேலி போடவில்லை. வேலிக்குப் பேர்போன நம் குடாநாட்டவர் இதனைச் சிந்தித்தல் நன்று. அவ்வியலின் பெயரே உள்ளத்தில் நிகழ்வது மெய்யிற் புலப்படுதலைக் குறிக்கின்றது. புன்னாலைக்கட்டுவன் வித்துவசிரோமணி கணேசையர் பேராசிரியர் உரைக்குக் குறிப்பெழுதி, ஈழகேசரிப் பொன்னையாவின் முயற்சியால் 1943இற் சுன்னாகத்தில் அச்சேறிய பதிப்பு நம்மவர் பெருமைக்குரியது. அதனைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாமல் மாணவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.

சைவ சித்தாந்தத்திலும் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்து அவத்தைகள் பேசப்படுதலும், சிவஞானபோதத்தின் நான்காஞ் சூத்திரம் ஆன்மாவை அவ்வைந்து அவத்தை உடையதாகக் கூறுதலும் நம் கல்லூரியிற் சைவ பாடம் கற்ற எவரும் அறிவர். ஆன்மா அவத்தைகளினூடே செல்வது. அவத்தையே ஆன்மா அன்று. அச்சொல்லே வீட்டுக்குள் வந்து, துன்பப்படுபவனை 'அவத்தைப்படுகின்றான்' என்று சொல்லுமாறு ஆயிற்று. சித்த வைத்திய நூல்களோ உடம்பில் இயல்பாக எழும் வேகங்கள் பதினான்கு என வகுத்து, அவற்றை அடக்கின் நோய் வரும் என எச்சரிக்கின்றன. தும்மல், கொட்டாவி, இருமல், பசி, நித்திரை என்பவற்றோடு கண்ணீரையும் அப்பதினான்கினுள் வைத்தனர். ஆண்பிள்ளை அழலாகாது என்று பிரம்போடு நின்று போதித்த எம் போன்றோர் அவ்வைத்திய நூலை அக்காலத்தில் வாசித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

வேலியில்லாமை சொற்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் மனத்துயர். நம் வைத்தியர் "என்ன வருத்தம்?" என்று கேட்டால் அது உடல்நோய். உளைவு காலுக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. நோ காயத்திலும் இருக்கும். சொல்லிலும் இருக்கும், "அவன் சொன்னது நொந்துபோச்சு" என்பதில். எரிவு வயிற்றிலிருந்து அயல்வீட்டுக்காரன் கட்டிய மாடிவீடு வரைக்கும் செல்லும். ஆதலால் ஒரு மூதாட்டி வைத்தியரிடம் சென்று நெஞ்சு வேகுது என்று சொன்னால், அது நெஞ்செரிவோ வெப்பியாரமோ என்று அறிவதற்கு அச்சொல் பிறந்த வீட்டை அறிந்திருத்தல் வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழிலாக்கிய கிறீன் வைத்தியர் இவ்வருமையை அறிந்தவராதல் வேண்டும். 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகள் வெளியிட்டபோது ஈரலுக்கும் நரம்புக்கும் சுரப்பிக்கும் ஒழுங்கான பெயர்கள் கிடைத்தன. 'எனக்கு என்ன செய்கின்றது' என்று சொல்லும் சொற்களை எவரும் தொகுக்கவில்லை. எல்லார்க்கும் தெரிந்தவை என்று விட்டனர். எல்லார்க்கும் தெரிந்தவையே முதலில் மறக்கப்படுகின்றன.

விலக்கும் உண்டு, அதனைச் சொல்லாது விடுதல் நன்றி மறத்தலாகும். போர்க்காலத்திலும் அதன் பின்னும் இங்கே உளமருத்துவப் பணி செய்தவர்கள், மக்கள் தம் மனத்துயரைத் தலையிடி, உடம்புளைவு, நெஞ்சுப் படபடப்பு என்றே கொண்டுவந்து வைப்பதைக் கண்டனர். பேராசிரியர் தயா சோமசுந்தரம் இலங்கைத் தமிழர்மீது போர் விளைத்த உளப்பாதிப்பைப் பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அத்துறையினர் தமிழில் எழுதியபோது பதகளிப்பு என்ற வீட்டுச் சொல்லையே கலைச்சொல்லாக்கினர். மனவடு, நெருக்கீடு, மனச்சோர்வு என்பவற்றையும் வழக்கிற் கொண்டுவந்தனர். பதகளிப்பு என்று வைத்தியர் சொன்னால் கிழவியும் தலையாட்டுவாள். அதற்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. கடலுக்கு அப்பால் வரும் பத்திரிகைகளிலோ நெருக்கீட்டுக்கும் மனச்சோர்வு நோய்க்கும் மன அழுத்தம் என்ற ஒரே சொல்லை மாற்றி மாற்றி எழுதுகின்றனர். வந்து போவதற்கும், போகாமல் நின்று மருந்து வேண்டுவதற்கும் ஒரே பெயர் இட்டால் இரண்டுக்கும் கேடு. மனச்சோர்வு நோய் உண்மையான நோய். அதனைப் பஞ்சி என்று தள்ளுதலும் பிழை. பஞ்சியை அந்நோய் என்று அஞ்சுதலும் பிழை.

இனி எம் பிழையைச் சொல்லுதல் கடன். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்ததையும், மறு ஆண்டு சித்திரையின் பின்னர் திரும்பியதையும் இம்மலரை வாசிப்போரிற் பலர் தம் காலாலேயே அறிவர். திரும்பி வந்து வகுப்புத் தொடங்கிய நாட்களில், பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன் மேசையிற் கையை ஊன்றி, கண் திறந்தபடியே ஒன்றும் கேளாதவனாய் இருப்பான். கேட்ட கேள்விக்கு விடை வராது. ஏன் என்று அதட்டியபோது "பஞ்சியாய்க் கிடக்குது சேர்" என்றான். சோம்பேறி என்று யாம் அவனை வகுப்பின் முன் நிறுத்தினோம். முணுமுணுக்காமல் வந்து நின்றான். அடுத்த நாளும் நிறுத்தினோம். அவன் கையிற் சொல் ஒன்றே இருந்தது, அதுவும் பிழையான சொல். எம் கையிலும் ஒன்றே இருந்தது, அது அதனினும் பிழையானது.

இரண்டு கிழமை சென்றபின் அவனுடைய அம்மம்மா கல்லூரி வாயிலுக்கு வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மதிலோரம் நின்றபடியே பேசினார். "பொடியன் இரவிலை படுக்கிறானில்லை, மாஸ்ரர். நாய் குரைச்சால் எழும்பிக் குந்தியிருக்கிறான். போன ஐப்பசியிலை ஓடேக்கை நாவற்குழிப் பாலத்தடியிலை ஏங்கினவன். நூலும் கட்டிப் பார்த்தாச்சு. இன்னும் தெளியேல்லை." ஏங்குதல் என்பது தமிழ்நாட்டில் ஒன்றை நினைத்து உருகுதல், நம்மிடத்தில் அது திகிலால் உயிர் ஒரு கணம் நின்றுபோதல். எழுத்தறியாத அம்மூதாட்டி நோயின் பெயரையும், அது பற்றிய இடத்தையும், மாதத்தையும், அது போகவேண்டிய வினை இன்னும் நிகழவில்லை என்பதையும் ஐந்து வாக்கியத்திற் சொல்லி முடித்தார். எந்த வைத்தியக் குறிப்பேட்டிலும் அதற்கு மேல் என்ன எழுதமுடியும்? யாம் அவனை இருக்கவிட்டோம், அதட்டுதலையும் நிறுத்தினோம். வைத்தியரிடம் அழைத்துச் செல்லும் அறிவு அப்பொழுது எமக்கு வரவில்லை. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. குடும்பம் வன்னிக்குப் போய்விட்டதென்று மாணவர் சொன்னார்கள்.

அம்மூதாட்டியின் தலைமுறை இன்று மெல்ல மறைகின்றது. எஞ்சியோரிற் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளோடு இருக்கின்றனர். அங்கே வைத்தியரின் முன் அவர்களுக்கு மொழிபெயர்ப்பவர் பேரப்பிள்ளை. "ஓங்காளமாய்க் கிடக்குது, கண்ணும் இருட்டுது" என்று பாட்டனார் சொல்ல, பேரன் தெரிந்த ஒரு சொல்லை எடுத்து வைத்தியருக்குக் கொடுப்பான். பாட்டனாருக்குச் சுகமில்லை என்பது வைத்தியருக்குத் தெரியவரும். அது அவர் வாசலுக்குள் வந்தபோதே தெரிந்தது. பேரனிற் குற்றமில்லை, அவனுக்கு அச்சொல்லை ஒருவரும் கொடுக்கவில்லை. பிறநாட்டிலுள்ள பழைய மாணவர் நம் கல்லூரிக்கு ஆய்வுகூடமும் மைதானமும் அமைத்துத் தருகின்றனர். அதற்குக் கல்லூரி என்றும் கடப்பாடுடையது. அவர்கள் தம் பெற்றோரிடம் இருந்து இருபது சொற்களைக் கேட்டு எழுதி அனுப்புவாராயின் அதற்குச் செலவு தபாற்கூலி ஒன்றே.

அதிபர் அவர்களிடம் யாம் ஒரு விண்ணப்பம் செய்துள்ளோம். நூலகத்தில் ஒரு தடித்த கொப்பி வைக்கப்படும். மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம் ஒரு நிலையின் பெயரைக் கேட்டு, அது உடம்பில் எங்கே தோன்றுவது, எந்த வினையோடு வருவது, எந்த வினையோடு போவது, எவ்வூரிற் கேட்டது என்று எழுதுதல் வேண்டும். தீவகத்துச் சொல் வடமராட்சியில் இராது; மட்டக்களப்பாரும் மலையகத்தாரும் வேறு சொல்லுவர்; அவையும் வேண்டும். அகராதியில் உண்டோ இல்லையோ என்று பார்த்தல் முதலில் வேண்டாம். சுகாதாரம் கற்பிக்கும் ஆசிரியரும் தமிழாசிரியரும் தவணைக்கொருமுறை அதனை ஒருங்கே இருந்து வாசித்தல் நலம். இருவரும் ஓரிடத்தில் இருந்து தேநீர் அருந்துவதற்கும் அது ஒரு காரணமாகும்.

கொப்பியின் முதற் பக்கத்தை நிரப்பும் உரிமையை யாமே எடுத்துக்கொண்டோம். அதில் எழுதியது இது: ஏக்கம். நெஞ்சில். பிடிக்கும். தெளியும். கேட்ட இடம்: கல்லூரி மதிலோரம், 1996.